துணைக்கு ஆள் வேண்டாம்

எர்ணாகுளத்தில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. நாலடிக்கு அஞ்சடி. குழாயைத் திறந்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வேன். இன்னொரு வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வெளியே இருப்பவர்கள் நான் குளிக்கிறேன் என்று நம்புவார்கள். வாளி நிரம்பி வழியத் தொடங்கியதும் மாமியாருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "இன்னுமா குளிக்கே? தண்ணி பூரா ஓடுது பாரு" என்று குரல் வரும். கூடிப்போனால் ஏழு நிமிடம். ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருப்பது அவ்வளவுதான்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீடு. கணவர், இரண்டு பெண்கள், மாமியார், நான். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு ஒரு மூலையில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிடலாம். இவர்களோ நான் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். "தலைவலியா?" "ஆபீஸ்ல எதாவது சொன்னாங்களா?" "அம்மா, எம்மேல கோவமா?" ஒன்றுமில்லை, சும்மா இருக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். சும்மா இருப்பதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

வேலை, ஒரு தனியார் ஆசுபத்திரியின் மருந்துக் கவுண்டரில். கண்ணாடியில் வட்டமாக ஓர் ஓட்டை. காலை முதல் மாலை வரை அந்த ஓட்டைக்குள் ஒவ்வொரு முகமாக வரும். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, சேச்சி? இது தூங்க வைக்குமா, சேச்சி? பிறகு பஸ். பஸ்ஸில் ஒருத்தியின் முழங்கை என் விலாவில் இருக்கும், என் பை இன்னொருத்தியின் முதுகில் இருக்கும். சில நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவேன். அந்த நடையிலும் கூட்டம்தான். ஆனால் தெரியாதவர்களின் கூட்டம், கேள்வி கேட்காது. அந்தப் பத்து நிமிடத்துக்காக ஏங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஏங்கினேன். தாகம் எடுத்தவள் தண்ணீரை நினைப்பது மாதிரி, ஆளில்லாத ஓர் அறையை நினைத்துக்கொண்டே மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டேன்.

இப்படிப்பட்ட நான்தான், அம்மா தனியாக இருக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

அம்மா மூணாறுக்கு அப்பால் சூரியநெல்லியில், நாங்கள் வளர்ந்த அதே லயத்தில் இருக்கிறாள். லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. எட்டு வீடுகளுக்கு ஒரே நீளக் கூரை. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவும் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வரிசையில் பாதி வீடுகள் காலியாகக் கிடப்பதால் வீட்டைக் காலி பண்ணு என்று யாரும் சொல்லவில்லை. தம்பிகள் இருவரும் திருப்பூரில். அம்மாவுக்கு மூட்டு வலி, போதாக்குறைக்குத் தேயிலைக் காட்டில் ஆனை நடமாட்டம். அவளைக் கூட்டிவந்துவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று. மாமியார் தன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப்போட்டு இடம் பண்ணினார். கணவர் ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வந்தார். "இனி அவங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தனிமை இருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மடச்சி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் கூட்டிவருவது பாதிச் சாக்கு. அஞ்சு நாள் லீவு போட்டு, அவள் மூட்டை கட்டும் சமயத்தில் அந்தக் குளிரில், அந்த மலையில், யாரும் எதுவும் கேட்காத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் என் கணக்கு. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

மூணாறு வரை பஸ், அங்கிருந்து ஜீப். ஜீப்பில் பதினோரு பேர். சாரல். லயத்துக்கு நான் நடந்து வந்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். அம்மாவின் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று அம்மாவின் ரப்பர் செருப்பு. இன்னொன்று, பச்சை வார் வைத்தது, என்னுடையது. போன தடவை வந்தபோது வார் தளர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டுப் போன பழைய செருப்பு. அதைக் கழுவி, யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போனது மாதிரி வாசலைப் பார்த்து வைத்திருந்தாள்.

என்னை நினைத்துக்கொண்டு, நான் உள்ளே இருப்பதாக எண்ணிக்கொண்டு, என் செருப்பைப் பார்த்தே நாளை ஓட்டுகிறாளே என்று அந்தச் சாரலில் நின்று அழுதேன். பாவி, இவளைத் தனியாக விட்டுவிட்டு ஏழு நிமிடத் தனிமைக்கு ஏங்கினாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து, "அவ தூங்குதா, அப்புறம் வாங்க" என்று அம்மாவின் குரல் வந்தது.

"அம்மா, நான்தான்."

தாழ் மெதுவாக நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. "ஏட்டி, நாளைக்கின்னுல்லா சொன்ன?" என்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. பிடிபட்ட களையும் இருந்தது. யார் தூங்குகிறார்கள் என்று கேட்டேன். "பூனை" என்றாள். பூனை எதையும் நான் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்ததால் அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, ஒரு நடை போய் வருகிறேன் என்று கிளம்பினேன். தேயிலைக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் பத்து நிமிடம் நடந்தால் ஒரு வளைவு. அங்கே நின்றால் கீழே அணைத் தண்ணீர் தெரியும். எர்ணாகுளத்தில் மருந்துச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த வளைவில்தான் நின்றுகொண்டிருப்பேன். இருபது அடிகூடப் போகவில்லை. "யாரது ஒத்தையில போறது?" என்று மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூப்பிட்டார்கள். "ஆனை நிக்கி! போன்ல வந்திருக்கு, பாக்கலியா?" பார்த்தேன். வனத்துறை அனுப்பியிருந்த செய்திப்படி ஆனை நின்றது அடுத்த மலையில்.

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். ஆனைக்காகத் தொடங்கியதுதான், இப்போது எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. யாரையும் தனியாக விடக் கூடாது. கடைக்குப் போனால் துணை, ஆசுபத்திரிக்குப் போனால் துணை. துக்கம் நடந்த வீட்டில் ராத்திரி துணைக்குப் படுக்க, வீட்டுக்கு ஒருத்தி என்று முறை போட்டு வருவார்கள். எனக்குத் துணையாக இரண்டு பெண்கள் கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். ஆனைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். அணைத் தண்ணீர் தெரிந்தது. பக்கத்தில் ஒருத்தி, எர்ணாகுளத்தில் முருங்கைக்காய் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஆனை வந்து எங்கள் மூன்று பேரையும் துரத்தினாலாவது ஆளுக்கொரு பக்கம் ஓடலாமே என்றிருந்தது.

திரும்பி வரும்போது அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள். அம்மாவோடு முப்பது வருடம் ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள்.

"காச்சல் விட்டுச்சா தாயி?"

"என்ன காய்ச்சல்க்கா?"

"போன வாரம் வந்து நாலு நாளா சுருண்டு கெடந்தியே. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், ஒங்கம்மா தூங்குதான்னு விடவே இல்ல. அதுக்கு முந்தின மாசமும் அப்படித்தான. வந்தா மொகத்தக்கூடக் காட்ட மாட்டேங்க. ஒன் செருப்பத்தான் பாக்கோம்."

போன வாரம் நான் கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின மாதமும் அங்கேதான். அக்காவிடம், "இப்ப பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்தச் செருப்பு எதுக்கும்மா வாசல்ல கெடக்கு?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"ஏட்டி, நான் பொறந்ததும் லயத்துலதான். ஒத்த ரூம்புல ஒம்பது பேரு. கல்யாணம் கட்டி இங்க வந்தா ஒங்கப்பா, அவுக அம்மா, அவுக தம்பி. பொறவு நீங்க மூணு பேரு. விடிஞ்சா மஸ்டருல போயி வரிசையா நின்னு பேரு குடுக்கணும். காட்டுல எடத்துப் பக்கம் ஒருத்தி, வலத்துப் பக்கம் ஒருத்தி. ஒங்கப்பா போனதும், இனிமே வீடு காலியா இருக்கும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அப்படி நெனைக்கலாமா? பாவமில்லியா? ஆனா வந்துச்சு." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பதினாறு முடியுமுன்ன துணைக்குப் படுக்க வந்துட்டாளுக. எட்டு மாசம். நாளுக்கு ஒருத்தி. நான் தும்மினா அவ எந்திரிப்பா. வேண்டாம்னா, ரோசக்காரி, துக்கத்துல பேசுதாங்காளுக. மக வந்திருக்கான்னு ஒரு நா பொய் சொன்னேன். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்."

"ஆனைக்குப் பயமில்லையா?"

"ஆனை வந்தா, வந்த வழியா போயிரும். இவளுக போக மாட்டாளுக."

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் சுருக்கென்றது. எனக்காக ஏங்குகிறாள் என்று நான் அழுத அழுகை என்னாவது? நான் வந்ததாகக் காட்டிக்கொண்டால்தான் அவளுக்கு நிம்மதி. நான் நிஜமாக வந்து நின்றால் அந்த நிம்மதிக்கு இடைஞ்சல். தனியாக இருக்கும்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய மாட்டேன். பொறக்கதவத் தொறந்து வச்சு உக்காந்திருப்பேன். மலையில மஞ்சு மூட்டம் ஏறும், எறங்கும்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை நான் இதுவரை யார் முகத்திலும் பார்த்ததில்லை. என் மனசுக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீ எப்பம் போவ?"

பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? வலித்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. மடக்குக் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். எங்கே போடுவதென்றுகூட அளந்து வைத்திருப்பதைச் சொன்னேன். அம்மா கீரையை மறுபடி எடுத்து, ஆய்ந்த தண்டையே திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தாள். "நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டா நான் என்ன சொல்ல" என்றாள் கடைசியில். அப்போதுதான் நான் என்ன செய்ய வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அறுபது வருடம் கழித்து அவளுக்குக் கிடைத்த ஒன்றை, எனக்குக் கிடைக்காமல் நான் தவிக்கிற அதே ஒன்றை, அன்பு என்ற பேரில் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வரை என் குளியலறையைப் பற்றி, கவிழ்த்த வாளியைப் பற்றி, நிறுத்தம் தாண்டி இறங்குவதைப் பற்றி அவளிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவள் பரிதாபப்படவில்லை. "ஏழு நிமிசமா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

மறுநாள் நான் எழுந்தபோது அம்மா பட்டுச்சேலை கட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"கீழ லயத்துல சடங்கு வீடு. மூட்டு வலின்னு சொல்லிப் போகாம இருந்துறலாம்னு இருந்தேன். இப்ப போறேன். பொழுது சாஞ்சுதான் வருவேன். சோறு பொங்கி வச்சிருக்கு. போனக் குடு."

"போன் எதுக்கும்மா?"

"குடுட்டி. அது கெடந்தா நீ ஒத்தையில இருக்க மாட்ட."

வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். வாசலில் கிடந்த என் செருப்புகளை, பழசையும் புதுசையும், எடுத்து உள்ளே போட்டாள். "பொறக்கதவுக்கு உள்தாழ் இருக்கு. முன்பக்கம் நான் பூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்கு விளங்குவதற்குள் கதவு சாத்தியாயிற்று. வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. தொடர்ந்து அம்மாவின் குரல், லயம் முழுக்கக் கேட்கும்படி: "மக மொத ஜீப்புக்கே போயிட்டா. வா, நாம சடங்கு வீட்டுக்குப் போவோம்." அடுத்த வீட்டு அக்காவும் மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, பேச்சுச் சத்தம் படி இறங்கி, தேய்ந்து, நின்றுபோனது.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ கூப்பிட்டது போலிருந்து இரண்டு தடவை "வரேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். பிறகு பாலில்லாமல் ஒரு கட்டன் சாயா போட்டு, புறக்கதவைத் திறந்து, படியில் கால் நீட்டி உட்கார்ந்தேன். சாயாவைச் சூடாகக் கடைசி மடக்கு வரை குடித்தேன். எத்தனை வருடமாக ஆறிய சாயா குடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மஞ்சு தேயிலை மேலே ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கியது. அழுகை வந்தது. அழுதேன். ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுகை நின்றதும் அங்கேயே, வாசற்படியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கீழேயிருந்து மைக் செட்டின் சத்தம் காற்று திரும்பும்போதெல்லாம் வந்து வந்து போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பந்தியில் ஒருத்தி கேட்பாள், மக ஏன் அதுக்குள்ள போயிட்டா என்று. பாத்திரம் கழுவுமிடத்தில் இன்னொருத்தி கேட்பாள், நீ எப்பம் எர்ணாகுளம் போற என்று. ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லி, சிரித்து, வெற்றிலை மடித்து, இன்னும் கொஞ்சம் இருங்க என்றதற்கு இருந்து, அந்த முழு நாளையும் அவள் எனக்காகக் கடக்க வேண்டும். அது எவ்வளவு நீளமான நாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் இன்னும் கொஞ்சம் நேரம் வராமலிருக்க மாட்டாளா என்றும் இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டே அப்படித்தான் நினைத்தேன்.

வெளிச்சம் போகிற நேரத்துக்குப் பூட்டுத் திறந்தது. அம்மா உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். மடியிலிருந்து போனை எடுத்து, தொட்டால் சுடும் என்பது மாதிரி நீட்டினாள்.

"இதுக்கு வாய் மூடவே இல்ல. சின்னவ சாக்ஸு எங்கங்கா. பெரியவ ஒண்ணும் இல்ல, சும்மா அடிச்சேங்கா. ஒங்க மாமியா அர மணிக்கூறு பேசுனாக. மருந்துக் கடையிலருந்து வேற. கோயிலுக்குப் போயிருக்கா, கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லிச் சொல்லி எந்தக் கோயிலுன்னு எனக்கே மறந்துபோச்சு." மூச்சு வாங்கினாள். "தெனமுமா இம்புட்டுப் பேருக்குப் பதில் சொல்லுத?"

தலையாட்டினேன்.

"நான் வரலன்னு ஒங்க மாமியாட்ட சொல்லிட்டேன். எனக்கு இங்க சோலி கெடக்குன்னேன். என்ன சோலின்னு கேட்டாக. சொன்னா வெளங்காதுன்னு விட்டுட்டேன்."

பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு இரண்டு பேரும் காரணம் கேட்கவில்லை.

"போதுமாட்டி?" என்றாள்.

போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவளிடம் பொய் வரவில்லை. "போதல" என்றேன்.

என்னைப் பார்த்தாள். தரையில் கையூன்றி, பூட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கும் பூட்டிட்டுப் போறேன். சடங்கு வீட்டுல நாளைக்கும் ஆளு இருக்கும். நான் போயி இருந்துக்கிடுதேன்."

நிஜமாகத்தான் சொன்னாள். நான் சரி என்று சொல்லியிருந்தால் மறுநாளும் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போய், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு இன்னும் இரண்டு நாள் லீவு மிச்சம் இருந்தது. பூட்டை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் முதல் ஜீப்பில் எனக்கு ஓர் இடம் சொல்லிவைக்க, யார் கண்ணிலும் படாமல் புறக்கதவு வழியாகக் கிளம்பினேன்.